வேப்பிலை கட்டிய மீன் தொட்டி

அலங்கார மீன் விற்பது சுலபமான தொழில்தான். விற்ற மீன், வாங்கினவர் வீட்டில் போய் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்படத் தொடங்கும்போதுதான் சனியன் பிடிக்கிறது.

கடை போட்டு உட்கார்ந்து, வாங்க வந்தவரின் நன்மைக்காக ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லி, அதற்காகவே வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ரேடியோ ரிப்பேர்க்காரர்கள், தையல்காரர்கள், மூக்குக் கண்ணாடி விற்பவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். நமக்கும் சிரிப்பு வரும், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

எழுபதுகளின் நடுவில் பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை பஜாரில் என் அத்தாவுக்கு, அதாவது தகப்பனாருக்கு, ஒரு கடை இருந்தது. கயிறு, வாளி, தார்ப்பாய், மண்வெட்டிப் பிடி எல்லாம் கிடைக்கும். நான் கோயம்புத்தூரில் ஒரு மீன் கடையில் நின்று தொழில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, கடையில் பாதியை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். அத்தா ஒரு மூலையைக் கொடுத்தார். கூடவே ஒரு கெடுவும் வைத்தார். இடவப்பாதி என்று எங்கள் பக்கம் சொல்கிற ஜூன் மாத மழை தொடங்கும்போது தார்ப்பாய் லோடு வந்து இறங்கும். அதற்குள் மீன் வியாபாரம் காலூன்றினால் சரி. இல்லாவிட்டால் கண்ணாடித் தொட்டிகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அந்த மூலையில் தார்ப்பாயை அடுக்கி, நானும் கயிறு அளக்க உட்கார வேண்டும். எனக்குக் கயிறு என்றாலே கழுத்தில் அரிக்கும். ஆகவே அந்த மூலையைக் காப்பாற்றிக்கொள்வதுதான் அந்த வருஷம் என் வாழ்க்கையின் ஒரே லட்சியமாக இருந்தது.

மூளித் தொட்டி

புதிதாக வாங்கிய மீனைக் கொண்டுபோன கையோடு பழைய மீன்களோடு விடக் கூடாது. பயணத்தில் களைத்துப் போயிருக்கும். ஏதாவது நோயும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். கொஞ்ச நாள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே சேர்க்க வேண்டும். அந்தத் தனித் தொட்டியில் மணல், செடி, சங்கு ஒன்றும் இருக்கக் கூடாது. மீன் ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த பூந்தொட்டிச் சில்லு போதும். அதற்கென்று தனி வலை. பிறகு மீனுக்கு நோய் வந்தால் அதே தொட்டிதான் ஆஸ்பத்திரி. இதையெல்லாம் நான் என் மூலையில் ஒரு மாதிரித் தொட்டி வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவேன். அந்தத் தொட்டியின் கண்ணாடி விளிம்பில் பூசிய புட்டி சரியாகப் பிடிக்காமல் ஒழுகி, அத்தாவின் தேங்காய்நார்க் கயிற்றை நனைத்தது வேறு கதை.

எலப்புள்ளிப் பக்கத்தில் தென்னந்தோப்பும் வயலுமாக இருந்த வேலுச்சாமிக் கவுண்டர்தான் எனக்கு வாய்த்த பெரிய வாடிக்கை. கோயம்புத்தூரில் தங்கும் விடுதி ஒன்றில் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு, அதைவிடப் பெரிதாக ஒன்று செய்து தம் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், வைத்திருந்தார். அதில் இருந்த சிவப்புத்தலைத் தங்கமீனுக்கு அவர் மனைவி ராமாத்தாள் செல்லி என்று பெயர் வைத்திருந்தார். அந்தச் செல்லிக்குத் துணையாக இரண்டு மீன் வாங்கக் கணவனும் மனைவியுமாக வந்தார்கள். நான் என் தனித் தொட்டிப் பிரசங்கத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை செய்தேன். ராமாத்தாள் அந்த மூளித் தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே கிடந்த சில்லைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஏனுங் தம்பி, நம்ம ஊட்டுக்குப் புதுசா வாறவங்களெ ஆசாரத்துல உக்கார வெக்காம, மாட்டுக் கட்டுத்தாரியில கொஞ்ச நாள் கெடங்கன்னு சொல்றதுங்களா? கேக்கறவிக என்ன நெனைப்பாங்க?"

நீலத் தண்ணீர்

அவர்கள் அந்த இரண்டு மீனையும் நேரே பெரிய தொட்டியில் விட்டார்கள். அதிர்ஷ்டம், ஒன்றும் ஆகவில்லை. என் பேச்சுக்கு இருந்த கொஞ்ச மதிப்பும் அதோடு போயிற்று. நான் சளைக்கவில்லை. ஊர் கேட்காவிட்டாலும் என் சரக்கையாவது முறைப்படி கொண்டுவருவோம் என்று, பொள்ளாச்சியில் மீன் எடுக்கும்போதே பையில் நீல மருந்து நாலு சொட்டு விட்டுக் கட்டிக்கொள்வேன். மீன் உடம்பில் படரும் காளான் நோய்க்கு அது கைகண்ட மருந்து.

அப்படி ஒரு முறை பஸ்ஸில் வரும்போது மாநில எல்லையில் கோபாலபுரம் சோதனைச் சாவடியில் ஒரு காவலர் ஏறினார். கள்ள ஸ்பிரிட் எந்தப் பாத்திரத்தில் எந்த நிறத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாத காலம். என் மடியில் நீல நீலமாகப் பைகளைப் பார்த்ததும் அவர் கண் பளபளத்தது. என்னைக் கீழே இறக்கினார். பையை அவிழ்த்து மோந்து பார்த்தார். மீன் துள்ளி மூக்கில் அடித்தது. இது மருந்துத் தண்ணீர், உள்ளே இருப்பது கடைக்குப் போகிற மீன் என்று நான் விளக்க விளக்க அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, தம் வீட்டுத் தொட்டியில் ஒரு மீனின் வாலில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, அதற்கு இந்த மருந்து ஆகுமா என்று கேட்டார். நான் அங்கேயே ஆஸ்பத்திரித் தொட்டி வைக்கும் விதத்தைச் சொல்லத் தொடங்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக ஒருவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பஸ் நின்றது, டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்து ஓய்ந்தார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் நிதானமாகத் தலையை வெளியே நீட்டினார்.

"அப்படியே எம்பட எருமைக்கும் ஒரு வழி சொல்லீட்டு ஏறுங்க தம்பி. ரெண்டு நாளாத் தீவனம் எடுக்க மாட்டீங்குது. பஸ்ஸு எப்படியும் நின்னுட்டுத்தான கெடக்குது."

துணைக்கு ஆள்

அந்தக் காவலர் வீட்டு மீன் பிழைத்துக்கொண்டது. அதோடு கயிற்றுக் கடையில் மீனாஸ்பத்திரி இருக்கிறது என்று செய்தி பரவிவிட்டது. மீன் வாங்க ஆள் வரவில்லை; வேடிக்கை பார்க்க வந்தார்கள். அத்தா வருகிறவர்களிடம் எல்லாம் ஒரு வாளியாவது விற்கப் பார்த்து அலுத்துப்போனார்.

ஒரு நாள் கவுண்டரும் ராமாத்தாளும் செல்லியை ஒரு தூக்குப்போசியில் கொண்டுவந்தார்கள். செல்லி ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். அமாவாசைக்குச் சுட்ட வடையில் ஒரு விள்ளல் என்றார் ராமாத்தாள். வயிறு உப்பிக் கிடக்கிறது, பட்டினி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி என் மூளித் தொட்டியில் சேர்த்துக்கொண்டேன். மறுநாள் கவுண்டர் வெள்ளை வேட்டி சட்டையோடு கடை ஏறினார். கையில் ஒரு பொட்டலம் பிரெட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஆரஞ்சு. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போவது எங்கள் பக்கத்தில் பெரிய குறைச்சல். பட்டினி வைத்தியம் நடக்கிறது, எதுவும் தரக் கூடாது என்று நான் தடுத்தேன். ஆரஞ்சை அத்தா வாங்கிக்கொண்டார். நோயாளிக்கு ஆகாதென்றால் வைத்தியரின் தகப்பனுக்கு ஆகலாம் என்பது அவர் கட்சி.

செல்லி நிமிர்ந்து நீந்தியதைப் பார்த்து கவுண்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போதுதான் ஒரு கவலை வந்து அத்தாவிடம் திரும்பினார்.

"ஏனுங் ராவுத்தரே, ராத்திரி கடையெப் பூட்டீட்டுப் போயிருவீங்களா? ஆஸ்பத்திரின்னா தொணைக்கு ஒருத்தரு படுக்கோணுமல்லங்க? நம்ம தோட்டத்து ஆளு ஒருத்தனெ பாயோட அனுப்பி உடட்டுங்களா?"

ஆத்தா வந்த வீடு

செல்லி நலமாக வீடு திரும்பியது. பங்குனி வெயில் ஏறியது. மழைக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. என் மூலையில் விற்றது கொஞ்சம், செத்தது கொஞ்சம், மிச்சம் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு காலை கவுண்டர் வந்தார். வழக்கம்போல் கடை ஏறவில்லை. தெருவிலேயே நின்றுகொண்டார். அத்தா வாங்க வாங்க என்று கூப்பிட்டும் கையெடுத்துக் கும்பிட்டு, வீட்டில் அம்மை போட்டிருக்கிறது, இன்னொருத்தர் கடையில் கால் வைக்கக் கூடாது என்றார். அத்தா பதறிப்போய் யாருக்கு, குழந்தைகளுக்கா என்று கேட்டார். "செல்லிக்குங்க" என்று சொல்லிக் கவுண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விசாரித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பொள்ளாச்சிச் சந்தையில் எவனோ சட்டியில் வைத்து விற்ற மீனைக் கவுண்டர் ஆசைப்பட்டு வாங்கி, நேரே பெரிய தொட்டியில் விட்டிருக்கிறார். உப்புத் தூவினாற்போல் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போடுகிற நோய் அது. விட்டால் தொட்டியையே காலி செய்துவிடும். உப்பையும் நீல மருந்தையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். பாதிக் கவலையிலும் பாதி வேடிக்கை பார்க்கவும் அத்தாவும் கடையை அடைத்துவிட்டுக் கூடவே வந்தார்.

கவுண்டர் வீட்டு நிலைப்படியில் வேப்பிலை. உள்ளே ஆசாரத்தில் தொட்டியின் நாலு மூலையிலும் வேப்பிலை. அம்மை வீட்டில் கடுகு வெடிக்கக் கூடாது என்று அடுப்படியில் தாளிப்பு நிறுத்தி ரசம்கூட வெறுமனே கொதித்தது. புது ஆள் யாரும் உள்ளே வரக் கூடாது. இத்தனை மாதமாக நான் நாக்குத் தேயச் சொல்லியும் கேட்காத தனிமை வைத்தியம், யாரும் சொல்லாமலே அந்த வீட்டில் முறை தவறாமல் நடந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாசலில் நின்றே எட்டிப் பார்த்தேன். செல்லி அடியில் ஒண்டிக் கிடந்தது. உடம்பெல்லாம் புள்ளி. இந்த மீன்கள் செத்தால், கவுண்டர் மீன் வாங்குகிற கடை எது என்று ஊருக்கே தெரியும். பொள்ளாச்சிச் சட்டிக்காரனை யார் தேடப் போகிறார்கள்? என் மூலை அன்றோடு சரி. அது மட்டுமில்லை, செல்லியை எனக்கும் பிடித்துப்போயிருந்தது. நான் மருந்துப் பாட்டிலை நீட்டியதும் ராமாத்தாள் பின்வாங்கினார்.

"ஆத்தா வந்திருக்கற ஊட்டுக்கு மருந்தோட வரலாமுங்களா தம்பி? மனுசருக்கே அம்மைன்னா உப்பு ஆகாது. நீங்க கைப்பிடி உப்பெ அள்ளி அது மேல கொட்டறங்கறீங்களே, அவ கோவிச்சுக்க மாட்டாளா?"

தண்ணீர் ஊற்றுவது எப்படி

வாசலில் கிடந்த உரல் மேல் உட்கார்ந்துவிட்டேன். உப்பும் இல்லை, மருந்தும் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் அந்தப் புள்ளிகள் சீக்கிரம் பழுத்து மீனை விட்டு உதிரும். உதிர்ந்த கிருமி பெருகித் திரும்பவும் மீனைப் பிடிப்பதற்குள் மீனை வேறு சுத்தமான தண்ணீருக்கு மாற்றிவிட வேண்டும். இதை இப்படியே சொன்னால் நடக்காது என்று அதற்குள் எனக்குப் புத்தி வந்திருந்தது. அம்மை இறங்கினால் தண்ணீர் ஊற்றுவீர்களே அக்கா, அது எப்படி என்று கேட்டேன். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, வெயிலில் வைத்துக் காய்ந்த தண்ணீர் என்றார் ராமாத்தாள். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அதையே இன்றைக்கே தொடங்கிவிடலாம் என்றேன். ராமாத்தாள் தயங்கினார். தண்ணீர் ஊற்ற அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எந்நேரமும் தண்ணீருக்குள்ளேயே இருக்கிற உயிருக்கு எப்படித் தண்ணீர் ஊற்றுவது?  

அதுவரை வெற்றிலை மென்றுகொண்டு சும்மா நின்ற அத்தா, ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார். "மனுசன் இருக்கற எடத்துக்குத் தண்ணியெக் கொண்டாந்து ஊத்தறோம். மீனுக்குத் தண்ணி இருக்கற எடத்துக்கு மீனெக் கொண்டுபோய் ஊத்துங்க, அவ்வளவுதான். ஆனா ஒருத்தருக்கு ஊத்துன தண்ணியில மறுக்கா ஊத்தறது மொறையில்ல. தெனமும் வேற வாளி, வேற தண்ணி" என்றார். அத்தாவுக்கு மீன் நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாளியைப் பற்றி எல்லாம் தெரியும். அப்போதுதான் புதிதாக வந்திருந்த பிளாஸ்டிக் வாளிகள் அன்று மாலையே கவுண்டர் வீட்டு வாசலில் சிவப்பும் பச்சையுமாக வந்து இறங்கின.

பாலக்காட்டுப் பங்குனி வெயில் என்னை அன்றுபோல் என்றைக்கும் சந்தோஷப்படுத்தியதில்லை. வாசலில் வாளி நிறைய நீர் காயும். மஞ்சள் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம், வேப்பிலையை வாளி விளிம்பில் கட்டினால் போதும் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். சூடு அதிகமானால் நிழலுக்கு இழுத்து ஆறவைத்து, கை வைத்துப் பார்த்து, ராமாத்தாள் குலவை போட, மீன்கள் பழைய வாளியிலிருந்து புது வாளிக்குப் போகும். பழைய வாளியைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிடுவார்கள். மறுநாள் அதன் முறை. அந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. சந்தை மீன்களில் ஒன்று செத்தது. செல்லி இரை எடுக்கவில்லை. அத்தா வழக்கத்துக்கு மாறாகத் தினமும் சைக்கிளில் வந்து வாளியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பிறகு ஒரு காலை செல்லியின் முதுகில் புள்ளி குறைந்திருந்தது. அடுத்த சில நாளில் சுத்தமாக உதிர்ந்து, சிவப்புத்தலை பளபளத்தது. பெரிய தொட்டியை நான் காலி செய்து காயப்போட்டு, புதுத் தண்ணீர் நிறைத்துக் கொடுத்தேன். செல்லியின் பேரால் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தார்கள். அன்று கவுண்டர் எங்கள் கடைக்கு வந்து, தைரியமாகப் படி ஏறி, அத்தாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ராவுத்தரே, இன்னிக்குக் காத்தாலதாங்க எங்கூட்டுல கடுகு வெடிச்சுது!"

மழைக்கு முன்

அதற்குப் பிறகு நடந்தது எனக்கே ஆச்சரியம். கவுண்டர் வீட்டு மீனுக்கு அம்மை இறங்கிய கதை வண்டிப் பாதையெல்லாம் போயிற்று. மீன் வாங்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள், புது மீனைத் தனியாக வைக்க வேண்டுமா என்று என்னைக் கேட்கவே இல்லை. அம்மை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத புது உயிரைப் பழசோடு விடுவதா என்று அவர்களே எனக்குப் பாடம் எடுத்தார்கள். ஆளுக்கொரு வாளியும் வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு என் பிரசங்கம் பறிபோன வருத்தம் கொஞ்சம் இருந்தது. அத்தா மட்டும் கெடுவைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கப் பயந்தேன்.

இடவப்பாதி மேகம் வாளையார் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்த அன்று தார்ப்பாய் லோடும் வந்தது. அந்த நேரம் என் மூலையில் ஊரார் வைத்தியத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த மீன்கள் மூளித் தொட்டியிலும் இரண்டு வாளியிலும் இருந்தன. வண்டிக்காரர் தார்ப்பாய்க் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வழக்கமான மூலையிலா என்று கேட்டார். நான் தொட்டியைத் தூக்க மனமில்லாமல் வலையைக் கையில் பிடித்தபடி நின்றேன். அத்தா பின்புறத்து முற்றத்தைக் காட்டினார். அங்கே கூரை கிடையாது, மழை வந்தால் சரக்கு நனையுமே என்று வண்டிக்காரர் சத்தமாகவே சொன்னார். அத்தா உதட்டில் விரலை வைத்தார்.

"தார்ப்பாய் நனஞ்சா என்னடா, நனையறதுக்குத்தான அது இருக்குது? உள்ள நோயாளிக இருக்காங்க, சத்தம் போடாம எறக்கு."

ஆகையால் என்னைப் போல் அவதிப்படுகிற சக கடைக்காரர்களே, உங்களுக்குத் தெரிந்ததை வாடிக்கையாளருக்குப் புரியவைக்கத் தொண்டையை வற்றவிடாமல், அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததில் உங்கள் சரக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள், அதுவும் கிடைக்காவிட்டால் பக்கத்து மூலையில் வாளி விற்கிறவரைக் கேளுங்கள்.